கொல்லிமலைக்கு ஊடக வகுப்பு வண்டி: ஒன்பது லட்சத்தை எதில் போடுவது?

கேள்வி இதுதான். நாமக்கல்லில் ஒரு சிறிய அறக்கட்டளை. நன்கொடையாக வந்த 17 இருக்கை டெம்போ ட்ராவலர் ஒன்று கையில் இருக்கிறது. கொல்லிமலை ஊர்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு வீடியோ, ஒலிப்பதிவு, எடிட்டிங் சொல்லித்தர வேண்டும். பாடி கட்டுபவர் ஏசி, பத்து கணினி மேசை, பெரிய டிவி எல்லாம் பொருத்தித் தர ஒன்பது லட்சம் கேட்கிறார். கட்டலாமா, வேறு என்னென்ன வாங்க வேண்டும், எங்கே சறுக்கும்?

கட்ட வேண்டாம். வண்டிக்குள் வகுப்பு நடத்துவது என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். வண்டி சாமான் அறையாகவும், சார்ஜ் போடும் இடமாகவும், ராத்திரி எடிட்டிங் அறையாகவும் இருந்தால் போதும். வகுப்பு மரத்தடியிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ நடக்கட்டும்.

இதற்கு முதல் காரணம் வெயில். கூரையில் சோலார் பேனல் வைத்தால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்தால் நிழலில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. ஏசி இந்தச் சிக்கலைத் தீர்க்காது. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். கூரைப் பேனல் நாள் முழுக்கச் சேர்ப்பதை இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும். அப்புறம் ஜெனரேட்டர் வரும், அதன் சத்தத்தில் ஒலிப்பதிவு வகுப்பு எடுக்க வேண்டியதுதான். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் மலையில் ஏசி எதற்கு என்பது வேறு கேள்வி. அதோடு, மேசை போட்ட ட்ராவலருக்குள் எட்டுப் பேருக்கு மேல் முழங்கை இடிக்காமல் உட்கார முடியாது. கேமராவோடு நடந்து பழக வேண்டிய பிள்ளைகளை ஒரு தகரப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார வைத்தால் அவர்கள் கற்றுக்கொள்வது மவுஸ் பிடிக்க மட்டுமே.

வெளிநாட்டில் இதை நன்றாகச் செய்தவர்கள் கனடாவின் வாப்பிகோனி மொபைல் அமைப்பினர். திரைப்பட இயக்குநர் மனோன் பார்போ, அட்டிகமெக் பழங்குடி மன்றத்தோடும் இளைஞர் அமைப்போடும் சேர்ந்து 2004இல் கியூபெக்கில் தொடங்கியது. 2002இல் சாலை விபத்தில் இறந்த வாப்பிகோனி அவாஷிஷ் என்ற அட்டிகமெக் இளம்பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். வேனுக்குள் எடிட்டிங், ஒலிப்பதிவு வசதி உண்டு. ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேனை அல்ல, தங்கும் முறையை. ஓர் ஊரில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்குவார்கள். சினிமா தெரிந்த இரண்டு பயிற்றுநர்களோடு, பிள்ளைகளின் மனக்கஷ்டம் அறிந்த சமூகப் பணியாளர் ஒருவரும் இருப்பார். உள்ளூர்க்காரர் ஒருவரும் குழுவில் உண்டு. கடைசியில் ஊரே உட்கார்ந்து படம் பார்க்கும். நம் ஊரில் பெருநிறுவன நிதியில் ஓடும் வண்டிகள் பல இதற்கு நேர் எதிராக, காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று ஓடிக் கணக்குக் காட்டுகின்றன. ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வண்டியோடு ஒரு குரூப் போட்டோ.

ஆகவே ஓர் ஊரில் குறைந்தது 12 நாள். ஒரு தடவைக்கு 12 பேர், நால்வர் கொண்ட மூன்று குழு. பயிற்றுநர் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். மலையிலேயே பிறந்து வளர்ந்த உதவியாளர் ஒருவர், சம்பளத்தோடு. ஒன்பது லட்சத்தில் பாதி இந்தச் சம்பளத்துக்குப் போக வேண்டும். திட்டம் எழுதும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான்.

இனி மின்சாரம். ஒரு நாள் தேவையைக் கூட்டிப் பாருங்கள். 12 போன் முழு சார்ஜ் ஏற 300 வாட்-மணி. நான்கு லேப்டாப் (குழுவுக்கு ஒன்று, பயிற்றுநருக்கு ஒன்று), நாற்பது வாட் வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் 640. சிறிய புரொஜெக்டர் இரண்டு மணி நேரத்துக்கு 200. ஸ்பீக்கர் 60, விளக்கு 60, இரண்டு மின்விசிறி 180, வைஃபை பெட்டி 80. மொத்தம் 1,520 வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் ஒன்றேமுக்கால் யூனிட்.

இதற்கு 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். அதில் இரண்டரை யூனிட் இருக்கும், இரண்டு யூனிட் வரை தைரியமாக எடுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரி மலிவுதான். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் 150 ஆம்பியர்-மணியில் இரண்டு வேண்டும். இரண்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல். மலையடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது உள்ளே ஆசிட் தளும்பி மூடி வழியாகக் கசியும். லித்தியம் 25 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

கூரையில் 330 வாட் பேனல் இரண்டு. வெயில் நாளில் இரண்டு யூனிட் வரும், மூடுபனி நாளில் கால்வாசி வந்தால் அதிகம். பேனல் தரக்கூடிய உச்ச அளவைப் பிடித்து எடுக்கும் எம்.பி.பி.டி. வகைச் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்குங்கள். கூரையில் லக்கேஜ் கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் நிழல் பேனலின் ஓர் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி பெரிதாகச் சரியும். மூட்டமான நாளுக்கு வண்டியின் என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து சார்ஜ் எடுக்கலாம், ஆனால் நேரடியாக ஒயர் இழுக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி கிடைக்கிற கரண்டையெல்லாம் இழுக்கும்; ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் கரண்டை அளவோடு விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தால், நாமக்கல்லில் இருந்து மலைமேல் உள்ள செம்மேடு வரும் இரண்டு மணி நேரத்தில் முக்கால் யூனிட் ஏறியிருக்கும்.

இன்வெர்ட்டர் 1,000 வாட், சுத்தமான சைன் அலை தருவதாக இருக்கட்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் இரையும், சில சார்ஜர்கள் சூடாகும். முழுச் சுமையில் அது பேட்டரியில் இருந்து நூறு ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் 35 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 125 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை இன்வெர்ட்டர் பக்கம் வைக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. வளைவுகளில் உரசி இடையில் ஒயர் தேய்ந்தால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது.

பகலில் வெளியே எந்த ஒயரும் போக வேண்டியதில்லை. காலையில் சார்ஜ் ஏறிய போனும் லேப்டாப்பும் மரத்தடிக்குப் போகும், மதியம் திரும்பி வரும். 230 வோல்ட் வெளியே போவது படம் போடும் இரவுகளில் மட்டும். அதற்கு, மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இன்வெர்ட்டரின் நியூட்ரல் வண்டி பாடியோடு முறையாக இணைக்கப்படாவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் அது விழாது. வாகன ஒயரிங் தெரிந்தவரிடம் இதைச் சொல்லிச் செய்யுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது என்பது இதற்குச் சோதனை ஆகாது.

இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஐந்து இருக்கை, ஒரு நீள மேசை, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, அவ்வளவு போதும். அலமாரிக் கதவுக்குத் தாழ்ப்பாள் தனியாக வேண்டும். வெறும் காந்தப் பூட்டு மூன்றாவது வளைவிலேயே திறந்துகொள்ளும்.

கருவிகளுக்கு வருவோம். நன்கொடையாக வரும் பழைய போன்களை வாங்காதீர்கள். பத்து மாடல், பத்து மெனு, மூன்று வகை சார்ஜர், நான்கில் உப்பிய பேட்டரி என்று வரும். வகுப்பு நேரம் முழுக்க "சார், என் போன்ல அந்த பட்டனே இல்ல" என்பதற்கே போகும். ஒரே மாடலில் 12 புதிய போன், 128 ஜிபி நினைவகத்தோடு. வாங்கும்போது கேமரா மெகாபிக்சலைப் பார்ப்பதைவிட 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், மைக் சொருக அதுதான் வேண்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயின்டில் எண். ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டு 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) என்று பூட்டிவிடுங்கள். 4கே வேண்டாம். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பழைய லேப்டாப்பில் திக்கித் திணறும்.

பிள்ளைகள் எடுக்கும் படம் கெடுவது பெரும்பாலும் ஒலியில்தான். படம் கொஞ்சம் ஆடினாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும், பாட்டி பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். சட்டையில் குத்தும் ஒயர் மைக் நான்கு வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். போயா பி.ஒய்-எம்1 போன்ற மைக்கின் நடு ஒயரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் ஒரு சுவிட்ச்: ஒரு பக்கம் போன், இன்னொரு பக்கம் கேமரா. போனில் சொருகும்போது அது போன் பக்கம் இருக்க வேண்டும். பிள்ளைகள் கை சும்மா இருக்காது, தள்ளிப் பார்ப்பார்கள். கேமரா பக்கம் தள்ளி, உள்ளே பட்டன் பேட்டரியும் செத்திருந்தால் இருபது நிமிடப் பேட்டி ஊமையாகப் பதிவாகும். சுவிட்ச் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. செயலியின் அமைப்பிலும் ஒலிக்கு வெளி மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

போனில் பதிவாகும்போதே காதில் கேட்டுப் பார்க்க வசதி பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் பத்து நொடி எடுத்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டு, அப்புறம்தான் கேள்வி என்பதைப் பழக்கமாக்குங்கள். ஏரோபிளேன் மோடும் கட்டாயம், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மலைக் காற்றுக்குக் கடையில் விற்கும் பஞ்சு மூடி போதாது. ரோமத் துணி மூடி வேண்டும்.

1080பி அளவில் ஒரு நிமிட வீடியோ சுமார் 130 எம்பி. 12 பேர் தினம் 20 நிமிடம் எடுத்தால் 31 ஜிபி, 12 நாளில் 370 ஜிபிக்கு மேல். ஒரு டிபி எஸ்.எஸ்.டி. இரண்டு வைத்துக்கொண்டு, இரவில் பயிற்றுநர் இரண்டிலும் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகே போனில் அழிக்க வேண்டும். தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு ஆகாது.

லேப்டாப் புதிதாக வேண்டியதில்லை. 8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி. இருக்கும் பழையது போதும். மென்பொருள், வீடியோ எடிட்டிங்குக்குக் கேடன்லைவும் ஒலிக்கு ஆடாசிட்டியும், இரண்டும் இலவசம். கேடன்லைவில் பிராக்சி வசதியை, அதாவது வீடியோவின் சிறிய நகலை வைத்து எடிட் செய்வதை, போட்டுவிட்டால் சுமாரான கணினியிலும் ஓடும். ஒரு வில்லங்கம் மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூடிக் குறையும். அப்படியே எடிட்டிங்கில் போட்டால் முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் உதடும் பேச்சும் ஐந்தாவது நிமிடத்தில் பிரிந்து நிற்கும். பிள்ளைகள் தாங்கள்தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகம் என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரவு நகலெடுக்கும்போதே இதையும் ஓடவிடலாம். தமிழ் எழுத்துக்கு யூனிகோட் எழுத்துரு மட்டும்.

இணையத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ பழைய லேப்டாப்பிலோ, இணையம் இல்லாமல் ஓடும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவும், அதேபோன்ற பாட மென்பொருளான கொலிப்ரியில் உங்கள் பாட வீடியோக்களும் ஏற்றி, உள்ளூர் வைஃபையாகத் திறந்துவிடலாம்.

பாடம். முதல் நாள் ஒரே ஒரு வேலையை ஐந்து ஷாட்டில் எடுக்கச் சொல்லுங்கள்: பலாப்பழம் அறுப்பதோ, மிளகு காயவைப்பதோ, சாமை குத்துவதோ எதுவாயினும். கை மட்டும், முகம் மட்டும், இரண்டும் தெரியும்படி தூரத்தில், தோளுக்குப் பின்னால் இருந்து, கடைசியாக அவர்களே கண்டுபிடிக்கும் ஒரு கோணம். ஒவ்வொன்றும் பத்து நொடி, கேமரா அசையக் கூடாது. மூன்றாம் நாள் படமே கிடையாது, ஒலி மட்டும்: சோளக்காடு சந்தையை ஒரு நிமிடத்தில் காதால் காட்ட வேண்டும். இந்த வரிசை முக்கியம். படத்தோடு சேர்த்தே ஒலியைக் கற்றுத்தந்தால் ஒலியை யாரும் கவனிப்பதில்லை. அடுத்து பேட்டி. பேட்டியை எழுதி, வரி வரியாகத் தாள் துண்டுகளாக வெட்டி, தரையில் பரப்பி வரிசைப்படுத்திய பிறகே லேப்டாப் திறக்கட்டும். மூன்று லேப்டாப்பில் 12 பேர் வேலை பார்க்க முடிவது இதனால்தான். இறுதிப் படம் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது.

பின்னணிக் குரல் கொடுக்கச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் டிவி செய்தியாளராகிவிடுவார்கள். "ஒளிப்பதிவாளர் இன்னாருடன்" என்று முடிக்காமல் விடமாட்டார்கள். அதை ஒரு நாள் ஆசை தீரச் செய்யவிட்டு, மறுநாள் வீட்டில் அம்மாவிடம் பேசுவது போலவே அதே விஷயத்தைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கவிடுங்கள்.

வாட்ஸாப் வதந்தி பற்றித் தனிச் சொற்பொழிவு வேண்டாம். அவர்கள் எடுத்த ஒரே புகைப்படத்துக்கு எதிரெதிரான இரண்டு வாசகம் எழுதச் சொல்லுங்கள். பிறகு, தாங்கள் எடுத்த பேட்டியில் ஒரு "இல்லை"யை வெட்டி எடுத்து, பேசியவர் சொன்னதற்கு நேர் எதிராக ஆக்கிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதை வகுப்பிலேயே அழித்துவிட வேண்டும், வெளியே போனால் ஊரில் சண்டை வரும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் ஆகாது. முதன்மைக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர் எல்லோருக்கும் கடிதம் கொடுங்கள். மலையூரின் பாரம்பரியத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கடிதம் அங்கே செல்லாது. காப்புக்காட்டு ஓரமென்றால் வனத்துறையிடமும். தேர்தல் அறிவித்துவிட்டால் ஸ்பீக்கர் வைத்த வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். காபி, மிளகுப் பறிப்பு நடக்கும் டிசம்பர், ஜனவரியிலும் பெரிய பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும். கோடை விடுமுறைதான் தோது.

2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. எங்கே காட்டுவோம், யார் பார்ப்பார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி அதையும் பதிவு செய்யுங்கள். படத்தில் வருபவர் எவரும் திரையிடுவதற்கு முன் வேண்டாமென்றால் அந்தக் காட்சியை எடுத்துவிட வேண்டும். போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் முகம் தெரியும் எதையும் அவர்கள் கேட்காமல் யூடியூபில் ஏற்றாதீர்கள், நிதி கொடுத்தவர் கேட்டாலும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டம் 23ஆம் பிரிவின்படி குற்றம். பேட்டியில் அப்படி ஏதாவது வந்துவிட்டால் கேமராவை அணைத்து, 1098 குழந்தை உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது பயிற்றுநரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல. மரம் வெட்டுவது, சாராயம் காய்ச்சுவது மாதிரியான விஷயங்களைத் துப்பறிய எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. தைரியமான பிள்ளை தானே போய் எடுத்துவரும், அதைப் பாராட்டாதீர்கள். வண்டிக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

கடைசி இரவு ஊர் மைதானத்தில் படம். ஆறுக்கு நான்கு அடி வெள்ளைத் துணி போதும், இருட்டிய பிறகுதான் சின்ன புரொஜெக்டரில் படம் தெரியும். ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்ததும் பெண் பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விட ஆள் முன்பே பேசி வையுங்கள். அதைச் செய்யாத ஊரில் அடுத்த தடவை பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

கிளம்பும்போது இரண்டு போன், ஒரு மைக், ஒரு முக்காலி, அந்த ஊரில் எடுத்த எல்லாவற்றின் நகல் ஆகியவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பள்ளிப் பீரோவில் வைத்தால் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். மகளிர் குழுத் தலைவியிடமோ நூலகத்திலோ வைத்து, ஒரு நோட்டில் எடுத்தவர் பெயர், தேதி, எண் எழுதும் பொறுப்பை மூன்று பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டு நாளுக்குத் திரும்பி வரும் தேதியைத் திரையிடும் இரவிலேயே ஊர் முன்னால் சொல்லிவிடுங்கள். அந்தப் பயணத்துக்கான டீசலையும் சம்பளத்தையும் முதல் பட்ஜெட்டிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குப் பணம் இருக்காது.